கண்மாய்க்கு வயிற்றால் போன வருஷம்

மார்கழி பிறந்து, நெற்கதிரில் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, இலந்தக்குறிச்சிப் பெரிய கண்மாய்க்கு வயிற்றால் போகத் தொடங்கியது. மடை இறுக மூடித்தான் கிடந்தது. மூடின மடை வழியாகவே தண்ணீர் பீய்ச்சி அடித்தது, கொஞ்சம் நின்றது, கரைக்குள்ளே கடகடவென்று ஓர் உருட்டல் எழுந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் போனது, உருட்டல் அடங்கியதும் மறுபடி பீய்ச்சி அடித்தது. பிள்ளை வளர்த்த ஊருக்கு இந்தச் சத்தம் தெரியாதா என்ன? பால் கறக்கப் போன பெண்கள் ஓடிவந்து, "கண்மாய்க்கு வயித்தால போகுதப்பா" என்று சொன்னபோது, பல் விளக்கிக்கொண்டிருந்த நாங்கள் துப்பிவிட்டு, "எப்பருந்து?" என்றுதான் கேட்டோம்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்துவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சில ஊருக்கு மல்லிகைப்பூப் பெருமை, சில ஊருக்கு ஜல்லிக்கட்டுக் காளை, எங்களுக்கு இது. யார் வீட்டில் யார் இரண்டு தடவை கொல்லைப்பக்கம் போய்வந்தாலும் சரி, மூன்றாவது தடவை எழுவதற்குள் எதிர்வீட்டுக்காரி மாதுளை ஓட்டை இடித்துக்கொண்டு வருவாள், பக்கத்து வீட்டுக்காரி மாங்கொட்டைப் பருப்பை உரசிக்கொண்டு வருவாள், மூன்றாம் வீட்டுக்காரர் பால் ஊற்றாத தேயிலைத் தண்ணீரைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சிக்கொண்டு வருவார், மூன்றையும் ஒன்றாக வாயில் ஊற்றி, நின்றுபோனதும், "நிப்பாட்டிட்டோம்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வோம். அதற்கப்புறம் அந்த ஆள் வயிறு ஊதிக் கிடந்தால் அது வேறு நோய், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

ஆகவே கண்மாய்க்கும் அதையே செய்தோம். ஊரில் இருந்த மாதுளை ஓடெல்லாம் வண்டியில் வந்தது, கொய்யாக் கொழுந்து கட்டுக்கட்டாக வந்தது, டீக்கடை ராக்கப்பன் சக்கையைச் சாக்கில் கட்டித் தூக்கிவந்தார், கல்யாண வீட்டு அண்டாக்களில் தேயிலை கொதித்தது, கண்மாய்த் தண்ணீர் கரைக்குக் கரை செங்கறுப்பாக மாறி, வாயில் வைத்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு ஏறி, அன்று பொழுது சாய்வதற்குள் மடை கப்பென்று நின்றது. வெடி போட்டோம். பஞ்சாயத்துத் தலைவர் நல்லழகுவுக்குத் துண்டு போர்த்தினோம்.

வருத்தப்பட்டவர்கள் கீழப்பொட்டல்காரர்கள் மட்டும்தான். எங்கள் கண்மாய் கழித்த தண்ணீரெல்லாம் பள்ளத்தில் இருக்கிற அவர்கள் ஊருக்குத்தான் ஓடியது, வானம் பார்த்த பூமியில் தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில், மடை நிற்பதற்கு முன்பே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாழைப்பழச் சீப்போடு வந்து, "கண்மாய்க்கு உடம்பு எப்படியிருக்கு? வயசான உடம்பு, அவசரப்பட்டுக் கண்ட மருந்தையும் குடுத்துறாதீங்க" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

ஏனென்றால் கண்மாய் ஊதத் தொடங்கியது. மழை ஒரு சொட்டு இல்லை, வரத்துக்காலில் நூலளவு தண்ணீர்தான், ஆனாலும் நடுக்கண்மாய் மேடு தட்டியது. கரை வெளிப்பக்கமாகப் பிதுங்கியது, பாவியிருந்த கல் ஒவ்வொன்றாகத் தெறித்தது, தண்ணீரில் கைவைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது, கெண்டையும் விராலும் மேலே வந்து வாயைப் பிளந்தன. கரைக்குக் கீழேதான் எங்கள் வீடுகள் எல்லாம். கரை போனால் ஊர் போகும். இனி நம்மால் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஆனால் ஆளுக்கு முந்தி ஆள் ஓடி, டவுன் கச்சேரித் தெருவில் வைத்தியசாலை வைத்திருந்த டாக்டர் சௌந்தரநாயகியை அழைத்துவந்தோம்.

அந்த அம்மாளைக் கண்டால் எங்களுக்குப் பயம். பயத்தைவிடப் பிரியம் கொஞ்சம் அதிகம். ஆயுர்வேதம் முறையாகப் படித்தவர். கண் குழிந்து நாக்கு வறண்ட பிள்ளையைக் கொண்டுபோனால் ஒரு நொடி தாமதிக்காமல் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் புகட்டச் சொல்லி, தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார். மற்றவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தண்ணியில போட்டா முங்குதா, மிதக்குதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப்பேருக்கு நோய் பறந்துவிடும் என்று கேலி பேசுவோம். ஆனால் அவர் கேட்டால் காரணம் இருக்கும். முங்கினால் உள்ளே செரியாதது கிடக்கிறது, அதற்கு ஆமம் என்று பெயர், அது வெளியே போகிறவரை தடுக்கக் கூடாது. மிதந்தால் உள்ளே சுத்தம், இனி நிறுத்தலாம். வயிற்றால் போகிற நாலு பேர் வந்தால் நாலு பேருக்கும் நாலு மருந்து கொடுப்பார்: நுரையும் சத்தமுமாகப் போகிறவனுக்கு ஒன்று, மஞ்சளும் எரிச்சலுமாகப் போகிறவனுக்கு ஒன்று, சளி கட்டிப் போகிறவனுக்கு ஒன்று, பரீட்சைக்குப் பயந்து போகிற பிள்ளைக்கு மருந்தே இல்லாமல் முதுகில் ஒரு தட்டு. "வயித்துக்குள்ள அடுப்பு எரியுதுய்யா. அடுப்பு அணைஞ்சு போச்சுன்னா பானையில போட்ட அரிசி அரிசியாத்தான் வெளிய வரும். நான் பானையை அடைக்கவா, அடுப்பைப் பத்தவைக்கவா?" என்பார். ஒவ்வொரு வயிற்றையும் தனி வீடாக நினைத்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிற வைத்தியர் அவர். அப்படி ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்ததே எங்கள் அதிர்ஷ்டம்.

கண்மாய்க்கு வயிற்றால் போனதென்று சொன்னபோது அவரும் ஆச்சரியப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்தார். கரைமேல் உள்ளங்கையை விரித்து வைத்து, மறுகையின் இரண்டு விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"யாருய்யா இதை நிப்பாட்டுனது?"

நல்லழகு, நாங்கள் போர்த்திய துண்டை மெதுவாகக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"உள்ள அழுகிக் கிடக்கிறதை வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்தியிருக்கீங்க. மடையைத் தொறங்க."

"தொறந்தா தண்ணி அம்புட்டும் போயிருமேம்மா. கதிரு பால் பிடிக்குது. இப்பத் தண்ணி இல்லேன்னா எல்லாம் பதராப் போயிரும்" என்றார் நல்லழகு.

"தொறக்கலைன்னா கரை போயிரும். பதரு மிஞ்சுனாப் பரவாயில்ல, பாடை மிஞ்சக் கூடாதுய்யா."

திறந்தோம். வந்ததைப் பார்த்து எங்களுக்கே கூச்சமாகப் போயிற்று. இத்தனை வருஷமாக நாங்கள் கண்மாய்க்குத் தின்னக் கொடுத்ததெல்லாம் செரியாமல் அப்படியே வந்தது: சாயம்கூட மங்காத பிள்ளையார் சிலைகள், தும்பிக்கையும் மோதகமுமாகச் சிரித்துக்கொண்டே வரிசையாக வந்தன, கோழிக்கடைக் கழிவு மூட்டைகள், சேறு நிறைந்த பிளாஸ்டிக் குடங்கள், நல்லழகு தேர்தலில் தோற்ற வருஷம் தூக்கிப்போட்ட சுவரொட்டிக் கட்டு, அவர் முகம் அழியாமல் கும்பிட்டபடி வந்தது. டாக்டரம்மா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து, "முங்குது... முங்குது..." என்று தலையாட்டினார்.

பிறகு பட்டினி போட்டார். கண்மாயில் யாரும் மாடு குளிப்பாட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, வரத்துக்காலை மறித்துத் திருப்பிவிட வேண்டும். மருந்தென்று பார்த்தால் சுக்கும் கோரைக்கிழங்கும் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் மட்டும்தான். தேயிலை காய்ச்சிய அதே அண்டாக்களைத் தேய்த்துக் கழுவிக் காய்ச்சினோம், கரையோரமாக நின்று மெதுவாக ஊற்றினோம், ஊற்ற ஊற்றக் கண்மாயின் சூடு இறங்கியது, மேடு தணிந்தது, உருட்டல் குறைந்தது. அதன்பின் நெற்பொரிக் கஞ்சி. ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு நெல் பொரிகிற சத்தமும் வாசமுமாக, கார்த்திகை மறுபடி வந்துவிட்டதென்று பிள்ளைகள் கூத்தாடின. கடைசியில் ஒருநாள் மடைவாயில் வெறும் தண்ணீர் வந்தது, கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர், அதன்மேல் ஓர் ஆலஞ்சருகு மிதந்து வந்தது. "மிதக்குது" என்றார் டாக்டரம்மா. நாங்கள் கைதட்டினோம்.

ஆனால் அது நிற்கவில்லை. சத்தமில்லாமல், வலியில்லாமல், நாற்றமில்லாமல், தெளிந்த தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது நிறுத்தலாம் என்று டாக்டரம்மாவே பிஞ்சு வில்வக்காயும் வெட்பாலைப் பட்டையும் கொடுத்துப் பார்த்தார்; கொடுத்தது ஒருவழியாகப் போய் மறுவழியாக வந்தது. மடைப்படிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. வயலில் கதிர் வெளுத்தது. டாக்டரம்மா நெடுநேரம் மடைக்கல்லில் கைவைத்தபடி நின்றார். நாடி பிடிக்கும்போது இருக்கிற முகம்.

"இங்க யாராச்சும் செத்தாங்களா?"

நாங்கள் அவரவர் கால்விரலைப் பார்த்தோம்.

செத்தது சோணைமுத்து. மடை திறந்து மூடுகிறவர். போன வருஷத்துப் பெருமழையில், கரை உடையப்போகிற தறுவாயில், உள்மடைக் கல்லைத் தூக்கிவிட முங்கினார், தூக்கியும் விட்டார், ஊர் பிழைத்தது, மடை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் மடையை மூடினதும் கல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "இருந்துக்க தாயி, வாரேன்" என்று கண்மாயிடம் சொல்லிவிட்டுத்தான் படியேறுவார். நாங்கள் சிரிப்போம். அவருக்கு அப்புறம் வந்த மடைக்காரன் கெட்டிக்காரன், மடையை அவரைவிட இறுக்கமாக மூடுவான், மூடினதும் மொபெட்டில் ஏறிப் போய்விடுவான்.

சோணைமுத்துவின் மனைவி முத்திருளாயி அன்றிலிருந்து கரைப்பக்கம் கால் வைக்கவில்லை. தண்ணீருக்கு ஊர்க்கோடி அடிகுழாய்க்குப் போவாள். கண்மாய் கண்ணில் பட்டால் ஒரு பிடி மண்ணை வாரி அதன் திசையில் எறிந்து, "உன் வயித்துல ஒண்ணும் நிக்காமப் போக" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லி அவள் வயிற்றிலும் ஒன்றும் நிற்கவில்லை. கஞ்சியும் போனது, சோறும் போனது, கழுத்தெலும்பு துருத்தி, நடந்தால் காற்றுக்கு ஆடுகிற மாதிரி ஆகிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். டாக்டரம்மாவின் பெஞ்சில் வருஷம் முழுக்க உட்கார்ந்து எழுந்தாள். புருஷன் செத்ததை அவரிடம் சொன்னவள், செத்தது இந்த மடையில் என்பதை மட்டும் சொன்னதேயில்லை. அந்த அம்மாளால் குணப்படுத்த முடியாமல் போன ஒரே ஆள் அவள்தான். போன மாதம், "மருந்து போதும்மா, நான் போய்ச் சேர்ந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தவள் திரும்பப் போகவில்லை.

"அதிசாரம், அதான் இந்த வயித்தால போறது, ஆறு வகை. அஞ்சு வகைக்கு என்கிட்ட மருந்து இருக்கு" என்றார், நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்ட டாக்டரம்மா. "ஆறாவது துக்கத்துல வர்றது. ஆறுதல் சொல்லணும், சந்தோசப்படுத்தணும், அதான் மருந்துன்னு படிச்சிருக்கேன். அதை நான் எந்தக் கடையிலய்யா வாங்குறது?" அந்தக் குரலில் ஒருநாளும் நாங்கள் கேட்டிராத ஒரு தளர்ச்சி இருந்தது.

ஆறுதல்தானே, நாங்கள் சொல்கிறோம் என்று கிளம்பினோம். நல்லழகு மைக் பிடித்து, கண்மாயின் தியாகத்தை ஊர் மறக்காது என்று பேசினார். தண்ணீர் இன்னும் வேகமாகப் போனது. ஒப்பாரிக்காரப் பெண்கள் வந்து மாரடித்துப் பாடினார்கள், மடை கதறியது. சந்தோஷப்படுத்தலாம் என்று கரகாட்டம் வைத்தோம். கரகாட்டம் நன்றாகத்தான் இருந்தது, கீழப்பொட்டல்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள், கண்மாய் பார்க்கவில்லை. யாரைக் கூப்பிட வேண்டுமென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூப்பிடத்தான் யாருக்கும் முகமில்லை. எங்கள் உயிருக்காகச் செத்தவனின் பெண்டாட்டி, வருஷம் முழுக்க அடிகுழாயிலிருந்து தனியாகத் தண்ணீர் சுமந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த ஊர் இது.

டாக்டரம்மாவே முத்திருளாயி வீட்டுக்குப் போனார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம், ஒரு சொல் விடாமல் கேட்டது.

"நான் உனக்குக் குடுத்த மருந்து எதுவும் நிக்கலை ஆத்தா. கண்மாய்க்கும் நிக்கலை. நீயும் அதுவும் ஒருதரம் முகம் பார்த்துக்கங்க."

"எம்புருசனைத் தின்னதுக்கு நான் போயி ஆறுதல் சொல்லணுமாக்கும்?" முத்திருளாயிக்கு அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ! "இந்த ஊருக்காரகளுக்கு நெல்லு வேணும்னா அவுக போயி அழுகட்டும்!"

"தின்னுச்சுத்தான். நான் இல்லேங்கல. ஆனா அதுக்குச் செரிக்கலை." டாக்டரம்மா நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்: "உனக்குச் செரிச்சுச்சா?"

உள்ளே குடத்தைத் தரையில் இறக்கிவைக்கிற சத்தம் வந்தது. அப்புறம், "இல்லம்மா" என்று கேட்டது.

மறுநாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்து மாடுகள் திரும்புகிற நேரம், முத்திருளாயி ஒரு சட்டிக் கஞ்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள். ஊர் ஒதுங்கி வழிவிட்டது. அவள் படியில் இறங்கி மடைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தாள், இவ்வளவு வற்றிப் போயிருக்குமென்று அவள் நினைக்கவில்லை போலிருக்கிறது. "இதென்ன கோலம்? என்னைய மாதிரியே ஆயிட்ட" என்றாள்.

பாதிக் கஞ்சியைத் தான் குடித்தாள். மீதியைக் கண்மாயில் ஊற்றினாள்.

"அவரு தானா எறங்குனாரு. நீ கூப்பிடல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வஞ்சேன். வேற யாரை வைய?" என்றாள். "வீட்டுல ரெண்டு வார்த்தை பேச மாட்டாரு. எல்லாப் பேச்சும் உன்கிட்டத்தான். ஒருநா மழையில நனைஞ்சு வந்து, மாத்துத்துணி இல்லாம என் சீலையைச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு, தலைவரு வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, 'ஏத்தா இருளாயி, சோணை எங்க?'ன்னு அவருகிட்டயே கேக்குறாரு..." சொல்லிக்கொண்டே வந்தவள் சிரித்துவிட்டாள். கூட்டத்தில் நல்லழகு தலையைக் குனிந்துகொண்டார். கண்மாயின் நடுவில் ஓர் அலை எழுந்து கரைவரை வந்து போனது. தண்ணீர் ஒரு கணம் தயங்கியது, மறுபடி ஓடியது.

முத்திருளாயியின் சிரிப்பு அப்படியே அழுகையானது. வருஷம் முழுக்க அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை, வைததைத்தான் பார்த்திருக்கிறோம். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அவசரம். என்கிட்டச் சொல்லிக்காமத்தான் ஓடுனாரு" என்றாள் கடைசியில். "உன்கிட்டயும் சொல்லிக்காமப் போயிட்டாரு, இல்ல?"

எழுந்தாள். வளையல் இல்லாத கையை நீட்டி, மடைக்கல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இருந்துக்க தாயி. வாரேன்."

தண்ணீர் நின்றது. கப்பென்று அல்ல, தூங்கப்போகிற பிள்ளையின் விசும்பல் அடங்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சொட்டாகி, சொட்டும் நின்றது. யாரும் வெடி போடவில்லை. டாக்டரம்மா கைப்பையில் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி வெகுநேரம் குனிந்திருந்தார். கண்ணாடி முகத்தில்தான் இருந்தது.

மிஞ்சின தண்ணீருக்குப் பாதி நெல் விளைந்தது. மீதி பதர்தான். யாரும் குறை சொல்லவில்லை. கீழப்பொட்டலில் அந்த வருஷம் முதல்முறையாகக் கத்தரிக்காய் காய்த்தது, ஒரு கூடை எங்களுக்கும் அனுப்பினார்கள். எங்கள் ஊரில் வயிற்றால் போனால் இப்போதெல்லாம் மாதுளை ஓட்டோடு ஓடிவருகிறவர்கள் வாசலிலேயே நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு, "முங்குதா, மிதக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தண்ணீர் நின்றதற்கு மறுநாளைத்தான். பொழுது சாயும் நேரத்தில் முத்திருளாயி கஞ்சிச் சட்டியோடு வீட்டை விட்டு வெளியே வந்தாள். குடித்த கஞ்சி வயிற்றில் நின்ற முகம். நடையில் ஆட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. மொபெட்டில் எதிரே வந்த மடைக்காரன் வண்டியை நிறுத்தி, "நின்னுபோச்சேக்கா, இன்னும் எதுக்கு அலையிறீக?" என்று கேட்டான்.

"நிக்கட்டும்" என்றாள் அவள், சட்டியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "வாரேன்னு சொல்லியிருக்கேன்ல."